‘இதை ஏற்கெனவே கேட்டிருக்கேனே’: இடிஎம்மில் எது பொது, எது சொந்தம்

“இடிஎம் எல்லாமே ஒரே மாதிரிதானே இருக்கிறது, இதில் ஒரிஜினலாக ஏதாவது செய்ய முடியுமா, இல்லை சாம்பிள் பேக் வாங்கி அடுக்குகிற வேலைதானா இது?” என்று கேட்டிருக்கிறீர்கள். (இடிஎம் என்றால் மின்னணுக் கருவிகளில் செய்யும் நடன இசை; சாம்பிள் பேக் என்றால் விலைக்குக் கிடைக்கும் ஆயத்த ஒலித் துண்டுகளின் தொகுப்பு.) இரண்டு வருடமாக வீட்டில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில் ட்ராக் செய்துவருவதாகவும், நண்பர்களிடம் போட்டுக் காட்டினால் “இதை ஏற்கெனவே கேட்டிருக்கேனே” என்று சொல்வதாகவும் எழுதி, மூன்று நிமிட ட்ராக் ஒன்றையும் இணைத்திருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன என்று எனக்குப் படுகிறது. ஒன்று இந்த இசை வகையைப் பற்றியது. இன்னொன்று, நீங்கள் நேராகக் கேட்கத் தயங்கியது: “நான் செய்வது காப்பியா?” வகையே அப்படித்தான் என்று நான் சொல்லிவிட்டால் இரண்டாவது கேள்வியிலிருந்து நீங்கள் தப்பிவிடலாம். அதனால் இரண்டையும் பிரித்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஆரம்பத்தில் கல்யாண வரவேற்பு, ஹோட்டல் பப் என்று டிஜே வேலை. கடந்த பத்து வருடமாகப் பெரும்பாலும் மற்றவர்களின் ட்ராக்குகளுக்கு மிக்ஸிங், மாஸ்டரிங், அதாவது ஒலிகளைச் சமன்படுத்தி வெளியீட்டுக்குத் தயாராக்கும் வேலை. ஹவுஸ், டிரான்ஸ், பிக் ரூம் என்ற இடிஎம் வகைகள் மூன்றும் எனக்குக் கைப்பழக்கம். டெக்னோவின் கடினமான கிளைகளை ரசிகனாக மட்டுமே அறிவேன். அதில் ஊறியவர்கள் இங்கே வேறு மாதிரி சொன்னால் அவர்களை நம்புங்கள்.

முதலில், சந்தேகமே இல்லாத விஷயம். ஆமாம், ஒரே மாதிரிதான் இருக்கிறது, அப்படி இருக்க வேண்டிய இடத்தில். நான்கு தட்டுக்கு நான்கு கிக், அதாவது பெரிய டிரம்மின் அடி. வேகம் 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 தட்டு) சுற்றுவட்டாரம். எட்டு பாருக்கு (நான்கு தட்டு ஒரு பார்) ஒருமுறை ஏதாவது ஒன்று மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 128-இல் ஒரு பீட்டுக்கு 0.469 விநாடி, எட்டு பார் என்றால் 32 பீட், சரியாக 15 விநாடி. டிஜே ஒரு பாட்டின் வாலையும் அடுத்த பாட்டின் தலையையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுத் தைக்கிறான். இரண்டு துணியிலும் கோடு ஒரே அகலத்தில் இருந்தால்தான் தையல் தெரியாது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளின் 1979 மாடலில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்தச் சறுக்குக் கட்டை மேலே 8 சதவீதம், கீழே 8 சதவீதம் போகும். ஒரு தலைமுறை டிஜேக்கள் அந்த எல்லைக்குள்தான் பாட்டுகளை இணைத்தார்கள். ஆக, வேகமும் பார் கணக்கும் ஒத்துப்போவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. இரவு முழுக்க நிற்காமல் ஆடவைக்க வேண்டிய இசை தனக்குத் தானே போட்டுக்கொண்ட தாளக்கட்டு அது. கச்சேரிக்குப் போய் “என்ன சார், திரும்பவும் ஆதி தாளமா? போன பாட்டுக்கும் எட்டுதானே போட்டீங்க?” என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணி ராகத்தில் எத்தனை கீர்த்தனை இருக்கிறது என்று எண்ணிக் குறைப்படுவதும் இல்லை. சட்டகத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு உள்ளே வேறுபடுகிற இசை நமக்குப் புதிதல்ல.

உங்கள் நண்பர்கள் சட்டகத்தைக் கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்றால் கவலைப்பட வேண்டாம். ஆனால் அதை மட்டும் கேட்டுச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பெரிய விழா மைதானங்களுக்கென்றே வார்த்த பிக் ரூம் வகையின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் “இடிஎம் எல்லாம் ஒன்று” என்ற பேச்சு உச்சத்துக்குப் போனது அப்போதுதான். 2013 ஜூனில் நெதர்லாந்து டிஜே மார்ட்டின் கேரிக்ஸின் ‘அனிமல்ஸ்’ வந்தது. அவருக்கு அப்போது 17 வயது. மைதானம் முழுக்க எதிரொலிக்கிற கிக், மேலே மரத்தைத் தட்டுவதுபோல ஒரு சின்ன மெட்டு, அவ்வளவுதான் டிராப், அதாவது ஏற்றத்துக்குப் பின் பாட்டு வெடிக்கிற இடம். அதைப்போலவே நூறு வந்தன. அதே வருடம் டலெரி என்ற பெயரில் ஸ்வீடன்காரர்கள் ஒரு குறும்பு செய்தார்கள்: அப்போது ஓடிக்கொண்டிருந்த பல பிக் ரூம் பாட்டுகளின் டிராப்களைச் சுமார் ஒரு நிமிடத்துக்குள் ஒட்டிவைத்தார்கள். எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. 2014-இல் மயாமி அல்ட்ரா விழா மேடையில் டிஜே டெட்மௌஸ் இன்னும் ஒரு படி போய், ‘அனிமல்ஸ்’ டிராப்புக்கு மேல் ‘ஓல்ட் மெக்டொனால்ட்’ என்ற குழந்தைப் பாட்டின் மெட்டைப் போட்டுவிட்டார். பொருந்தியது என்பதுதான் கொடுமை.

ஏன் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தார்கள்? பேராசை, காப்பி என்று சொல்லிவிடலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் மைதானத்துக்கும் அதில் பங்குண்டு என்பது என் எண்ணம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு அது 0.29 விநாடி தாமதமாகப் போய்ச் சேரும், அதாவது அரை பீட்டுக்கும் மேல். நடுவே தாமதம் சரிசெய்த ஸ்பீக்கர் கோபுரங்களை நட்டாலும் பக்கவாட்டிலிருந்து எதிரொலி வந்து கலக்கும். அந்த இடத்தில் நுணுக்கமான பேஸ் வரி போட்டால் கூழாகிவிடும். கிக், இடைவெளி, கிக், இடைவெளி, நடுவில் நான்கு ஸ்வரம் என்றால் கடைசி வரிசைக்காரனுக்கும் புரியும். வீட்டில் ஹெட்போனில் கேட்கிற நமக்கு அதே ட்ராக் காலியாகத் தெரிகிறது. இந்த விளக்கம் எவ்வளவு தூரம் சரி என்பதில் என் சகாக்களுக்குள்ளேயே தகராறு உண்டு. மைதானம் ஒரு காரணம் என்பதில் உறுதியாக இருக்கிறேன்; முதல் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

“விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள், பாட்டெல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டது” என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் 2012-இல் ஸ்பெயின் ஆய்வாளர் ஜுவான் செராவும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஆய்வை. 1955 முதல் 2010 வரையிலான பாட்டுகளின் பெரிய தொகுப்பு ஒன்றைக் கணினியில் அலசினார்கள். ஸ்வர நகர்வுகளில் வகைகள் குறைந்திருக்கின்றன, ஒலிநிறங்கள் ஒன்றையொன்று நெருங்கியிருக்கின்றன, சத்தம் கூடியிருக்கிறது என்று கண்டார்கள். சத்தம் கூடியதை மாஸ்டரிங் செய்கிறவன் என்ற முறையில் நானே சாட்சி சொல்வேன். ஆனால் 2015-இல் மௌக் குழுவினர் அமெரிக்க ஹிட் பட்டியலிலிருந்து சுமார் 17,000 பாட்டுகளை எடுத்துப் பார்த்தபோது, பன்மை நேர்கோட்டில் சரிந்துகொண்டே போகவில்லை என்று தெரிந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு பள்ளம், அப்புறம் ராப் இசை பட்டியலுக்குள் வந்தபோது மீண்டும் ஏற்றம். எண்பதுகளின் நடு என்றால் டிரம் மெஷினும் சின்தும் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி) எல்லா ஸ்டூடியோவிலும் நுழைந்த காலம் என்பதைக் கவனியுங்கள். இரண்டு ஆய்வும் பொதுவான பாப் இசையைப் பற்றியவை. நடன இசையைத் தனியாக எடுத்துத் தீர்ப்பு சொன்னவை அல்ல. அதனால் உங்கள் கேள்விக்கு இவற்றை வைத்து இரண்டு பக்கமும் வாதாட வேண்டாம் என்பேன்.

சரி, சட்டகம் பொது என்றால் சொந்தம் எங்கே இருக்கிறது? இந்த இசையில் சொந்தம் என்பது பெரும்பாலும் ஒலிநிறத்தில் இருக்கிறது, அந்த நிறம் நேரம் போகப் போக எப்படி மாறுகிறது என்பதில் இருக்கிறது. மெட்டில் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ரோலண்ட் டிபி-303. 1981 கடைசியில் வந்த சின்ன வெள்ளிப் பெட்டி. தனியாக கிடார் பழகுகிறவர்களுக்குப் பின்னால் பேஸ் வாசிக்கத் துணையாக இருக்கட்டும் என்று செய்தார்கள். பேஸ் கிடார் போலவே கேட்கவில்லை, ஸ்வரங்களை உள்ளே ஏற்றுவதோ பெரிய தலைவலி. 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். மொத்தம் பத்தாயிரம் பெட்டிதான் செய்திருப்பார்கள். மிச்சமெல்லாம் பழைய சாமான் கடைக்குப் போனது. சிக்காகோவில் டிஜே பியர், ஸ்பேங்கி, ஹெர்ப் ஜே என்று மூன்று பேர் ஃப்யூச்சர் என்ற பெயரில் அதைக் கையிலெடுத்தார்கள். பதினாறு படி கொண்ட ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்க, வரியை மாற்றாமல், ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கிற ஃபில்டர் குமிழைத் திருகினார்கள். கட்ஆஃப் கீழே இருந்தால் போர்வைக்குள் முனகுகிற மாதிரி இருக்கும். மெல்ல மேலே கொண்டுபோனால் மூக்கால் பேச ஆரம்பிக்கும். ரெசனன்ஸைக் கூட்டினால் கீச்சிடும். சில ஸ்வரங்களுக்கு மட்டும் ஆக்சென்ட், சிலவற்றுக்கு ஸ்லைட், அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போவது. அப்படி அவர்கள் செய்த ‘ஆசிட் ட்ராக்ஸ்’ பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. காகிதத்தில் எழுதினால் ஒரே ஒரு வரி. அந்த ஊர் மியூசிக் பாக்ஸ் கிளப்பில் டிஜே ரான் ஹார்டி அதை முதல்முறை போட்டபோது கூட்டம் தளத்தைவிட்டு விலகியதாம், அவர் விடாமல் அதே இரவில் நான்கு முறை போட, நான்காவது தடவை எல்லாரும் பைத்தியம் பிடித்து ஆடினார்களாம். இது டிஜே பியர் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதை, எண்ணிக்கையில் நான் பணயம் வைக்க மாட்டேன். 1987-இல் ரெக்கார்டாக வந்தது, ஆசிட் ஹவுஸ் என்று ஒரு வகையே அதிலிருந்து பிறந்தது என்பது மட்டும் பதிவான வரலாறு. ஸ்வரக் கணக்குப்படி அதில் ஒன்றுமே இல்லை. கேட்டால், அதற்கு முன் யாரும் கேட்டிராத ஒன்று.

இங்கே நம் பக்கத்துச் சங்கதி ஒன்றையும் சொல்ல வேண்டும். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-இல் அதே 303-ஐயும், ரோலண்டின் டிஆர்-808 டிரம் மெஷினையும், ஜூபிட்டர்-8 சின்தையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார். அப்போது யாரும் சீந்தவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. “ஆசிட் ஹவுஸ் இந்தியாவில் பிறந்தது” என்று நம்மவர்கள் இன்றும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஆண்டும் கருவிகளும் உண்மை. கேட்டால் காது சிலிர்க்கிற அளவுக்கு ஒற்றுமை இருப்பதும் உண்மை. ஆனால் சிக்காகோ பையன்கள் அதைக் கேட்டு எடுத்தார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, அவரும் அப்படி உரிமை கொண்டாடவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு: ஒரே பெட்டி இரண்டு ஊரில் இரண்டு கைக்குப் போனது. ஒருவருக்கு அந்த ஸ்லைட் ராகத்தின் இழைவுக்குத் தோதாகப்பட்டது. மற்றவர்களுக்கு ஃபில்டரின் கீச்சொலி பிடித்துப்போனது. கருவி ஒன்று, கேட்ட காது வேறு.

அடுத்து உங்கள் உண்மையான பயம்: ஆயத்த ஒலிகள், அதாவது கருவியோடு வரும் ப்ரீசெட், திரும்பத் திரும்ப ஓடும் லூப். “ப்ரீசெட்டும் லூப்பும் பயன்படுத்தினால் அது என்னுடையதா?” என்ற கேள்விக்கு வரலாறு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு வெளியிட்ட ரெக்கார்டின் பின்பக்கப் பாட்டில், டிரம்மர் கிரிகரி கோல்மன் தனியாக வாசிக்கிற நான்கு பார், சுமார் ஏழு விநாடிதான். ‘ஆமென் பிரேக்’ என்று அதற்குப் பெயர். தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் ஜங்கிள் இசை முழுக்க அதன்மேல்தான் கட்டப்பட்டது. சாம்பிளரில் ஏற்றி, வேகத்தைக் கூட்டி, கிக் தனி, ஸ்னேர் தனி என்று துண்டு போட்டு மாற்றி அடுக்கினார்கள். ஆயிரக்கணக்கான ட்ராக்குக்கு ஒரே ஏழு விநாடி, ஆனாலும் நல்ல தயாரிப்பாளர்களை இரண்டு பாரிலேயே கண்டுபிடித்துவிடலாம். இதில் அசிங்கமான பகுதியும் இருக்கிறது. வாசித்த கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை, 2006-இல் வீடற்றவராக இறந்துபோனார். 2015-இல் ரசிகர்கள் வசூலித்துக் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். ஜமைக்காவில் 1985-இல் கிங் ஜம்மி, காசியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டுக்குள் இருந்த ‘ராக்’ தாளத்தின் வேகத்தைக் குறைத்து ‘ஸ்லெங் டெங்’ செய்தார். அந்தத் தாளத்தைக் கம்பெனிக்குள் எழுதியவர் ஒகுடா ஹிரோகோ என்ற இளம்பெண். பட்டனை அமுக்கினால் யாருக்கும் வரும் தாளம்! அதன்மேல் நூற்றுக்கணக்கில் பாட்டுகள் வந்தன, ஜமைக்காக்காரர்கள் யாரும் காப்பி என்று சொல்லவில்லை. ஒரே ரிதமில் யார் எப்படிப் பாடுகிறார்கள் என்பதுதான் அங்கே போட்டி. நம் கானா மெட்டுகளும் ஏறக்குறைய அப்படித்தான் கைமாறுகின்றன.

டிரான்ஸ் கேட்டிருந்தால் அந்த அகலமான, தொண்டை கிழியப் பாடுகிற சின்த் ஒலி தெரியும். 1996-இல் ரோலண்ட் ஜேபி-8000-இல் வந்த ‘சூப்பர் சா’ அது. ஏழு அலைகளைக் கொஞ்சம் கொஞ்சம் சுருதி பிசகவைத்து ஒன்றாக ஓடவிடுவார்கள். ஒரு கம்பெனி பொத்தான், ஒரு வகையின் முகமே ஆகிவிட்டது. ஆக ப்ரீசெட் பாவம் இல்லை.

அப்படியானால் இன்று என்ன மாறிவிட்டது? என் மேஜையில் நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு பேர் மாஸ்டரிங்குக்கு ட்ராக் அனுப்பினார்கள். ஒருவர் கோவை, ஒருவர் கோலாலம்பூர், ஒருவரை ஒருவர் தெரியாது. செவ்வாய்க்கிழமை முதல் ட்ராக்கை முடித்தேன். வெள்ளிக்கிழமை இரண்டாவதைத் திறந்தால் அதே பெண் குரல் துண்டு, அதே ஐந்து ஸ்வர வளைவு, அதே கிளாப், டிராப்புக்கு முன் வரும் பில்ட்அப்பில் மேலே ஏறுகிற அதே ‘உஷ்ஷ்’ இரைச்சல். சுருதி மட்டும் அரை ஸ்வரம் தள்ளி. ஃபைலை மாற்றி அனுப்பிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். இரண்டு பேரும் பணம் கட்டித்தான் வாங்கியிருந்தார்கள், யாரும் யாரையும் திருடவில்லை. ஆமென் பிரேக்கை எடுத்தவனுக்குக் கிடைத்தது கச்சாப் பொருள். பழைய ரெக்கார்டிலிருந்து அழுக்கோடு வந்தது, வெட்டி, துவைத்து, தைத்தால்தான் உடுத்த முடியும். இன்றைய பேக்கில் வருவது தைத்து இஸ்திரி போட்ட சட்டை. கம்ப்ரெஸ் செய்து, ஈக்யூ போட்டு, எதிரொலி சேர்த்து, ‘128 பிபிஎம், எஃப் மைனர்’ என்று சீட்டும் ஒட்டி வருகிறது. நன்றாக இருக்கிறது என்பதாலேயே அதைத் தொட மனம் வருவதில்லை. உங்கள் நண்பர்களுக்கு ஏற்கெனவே கேட்டதாகத் தோன்றுவது இதனால்தான் என்று ஊகிக்கிறேன். அவர்கள் சொன்னது அப்படியே உண்மையாகவும் இருக்கலாம்: அந்த லூப்பை அவர்கள் வேறு எங்கோ கேட்டிருப்பார்கள்.

சட்டப் பக்கம் ஒரு வார்த்தை; நான் வக்கீல் அல்ல. பேக் வாங்கும்போது கிடைப்பது பயன்படுத்தும் உரிமம், அது உங்களுக்கு மட்டுமான உரிமை இல்லை. 2020-இல் ஜஸ்டின் பீபரின் ஒரு பாட்டும் ஏஷர் மன்ரோ என்ற பாடகரின் முந்தைய பாட்டும் ஒரே மெட்டில் இருக்கின்றன என்று சர்ச்சை கிளம்பியது. கடைசியில், சாம்பிள் விற்கும் ஸ்ப்ளைஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே சாம்பிளை இருவரும் எடுத்திருந்தார்கள் என்று அந்தச் சாம்பிளைச் செய்தவரே விளக்கினார். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. நம்மைப்போன்றவர்களுக்கு வரும் தொல்லை சின்னது ஆனால் எரிச்சலானது: யூடியூபின் தானியங்கிச் சோதனை, அதே லூப் இருக்கிற இன்னொருவரின் பாட்டாக உங்கள் பாட்டை எடுத்துக்கொண்டு உரிமை கோரல் அனுப்பிவிடும். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பெரிய ஒப்பந்தம் ஏதாவது கையெழுத்துப் போடுவதாக இருந்தால் விவரம் தெரிந்த வக்கீலிடம் போங்கள்.

‘அப்படியானால் பறையோ நாதஸ்வரமோ சேர்த்தால் தனித்துவம் வந்துவிடுமா?’ என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கும் பேக் விற்கிறார்கள், இஸ்திரி போட்டே. அதே டிராப்புக்கு மேல் பறை லூப்பை வைத்தால் பட்டுக்கரை போட்ட ரெடிமேட் சட்டை, அவ்வளவுதான். எம்.ஐ.ஏ. என்ற பாடகி மாயா அருள்பிரகாசத்தின் ‘பேர்ட் ஃப்ளூ’ கேட்டுப் பாருங்கள், 2006-இல் வந்தது. அதில் உறுமி அலங்காரத்துக்கு வரவில்லை. உறுமி அடிதான் பாட்டு; மற்றதெல்லாம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றன. எடுத்தால் பாட்டு விழுந்துவிடுமா என்று சோதித்துப் பாருங்கள். விழவில்லை என்றால் அது ஒட்டுவேலை.

புதிதாகச் செய்தால் உடனே கைதட்டுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். 2013 மார்ச்சில் மயாமி அல்ட்ரா விழாவில் ஸ்வீடன் டிஜே அவீச்சி, நாட்டுப்புற பாணியில் கிடார், பேஞ்சோ வாசிக்கிறவர்களையும் பாடகர்களையும் மேடையேற்றினார். கூட்டம் குழம்பியது, கூச்சல் போட்டவர்களும் உண்டு. அந்த மேடையில் வந்த ‘வேக் மீ அப்’ சில மாதங்களில் ஊரெங்கும் ஒலித்தது. அப்புறம் என்ன, கிடாரோடு தொடங்குகிற டிராப்கள் வரிசைகட்டி வந்தன. அதுவும் சட்டகமாகிவிட்டது. இந்தத் துறையில் ஒரு புதுமைக்கு ஆயுள் ஒன்றரை வருடம் என்பது என் கைக்கணக்கு. ஆய்வு எதுவும் இல்லை.

நான் என்ன செய்வேன் என்று கேட்டால்: பேக்கைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். கிக், கிளாப், ஹை-ஹேட் எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை, தச்சன் ஆணியைத் தானே உருக்கிச் செய்துகொள்வதில்லை. கிக்கை உங்கள் ட்ராக்கின் சுருதிக்கு இழுத்துவிட்டால் போதும். ஆனால் எந்த ஒலியை மக்கள் முணுமுணுத்துக்கொண்டு வெளியே போவார்களோ, அந்த ஒன்றைப் பூஜ்யத்திலிருந்து செய்யுங்கள். சின்தைத் திறந்து ‘இனிட்’ (எந்த அமைப்பும் இல்லாத வெறும் தொடக்க நிலை) போட்டு, ஒரே ஒரு சா அலை (ரம்பப் பல் வடிவ ஒலி அலை), ஒரு ஃபில்டர். இரண்டு பார் வரி போட்டு லூப்பில் ஓடவிட்டு, வரியைத் தொடாமல் குமிழ்களை மட்டும் பத்து நிமிடம் திருகி அதை அப்படியே ரெக்கார்டு செய்யுங்கள். ஒன்பது நிமிடம் குப்பையாக இருக்கும். மீதியிலிருந்து எட்டு பார் வெட்டியெடுங்கள். அது உங்கள் கை போன வழி, இன்னொரு பேக்கில் கிடைக்காது. குரல் லூப் கட்டாயம் வேண்டுமென்றால் எழுத்து எழுத்தாக நறுக்கித் திருப்பிப் போட்டு, சுருதியை இறக்கி, அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, ஆயத்தமாகக் கிடைக்கும் டெம்ப்ளேட் ப்ராஜெக்டை ஒருமுறை பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், அதன்மேல் பாட்டு கட்டாதீர்கள். சைட்செயின் (கிக் அடிக்கும்போது மற்ற ஒலிகளைத் தாழ்த்துவது) எவ்வளவு ஆழம் என்பதுகூட அதில் இன்னொருவரின் முடிவு.

கடைசியாக உங்கள் ட்ராக். ஸ்பீக்கரில் இரண்டு முறை, ஹெட்போனில் ஒருமுறை கேட்டேன். மிக்ஸ் சுத்தம், இரண்டு வருடத்துக்கு நல்ல கை. முதல் ஒரு நிமிடத்தில் உங்களுடையது என்று சொல்ல எதுவும் அகப்படவில்லை. பியானோ கார்டுகளும் அந்த ‘ஏ-ஓ’ குரலும் எனக்கே பழக்கமானவை. டிராப் 1:00-இல் சரியாக வருகிறது. 1:12-இல், ஏழாவது பாரில், பேஸில் இரண்டு ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. பியானோ ரோலில் ஒரு நோட் அரைக்கால் நீளம் அதிகமாகிப்போயிருக்க வேண்டும், சின்த் மோனோவில் (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்) இருந்ததால் ஸ்லைட் தானாகக் கிளம்பி, பேஸ் ஒரு ஏப்பம் விட்ட மாதிரி கீழேயிருந்து மேலே வழுக்குகிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த ஓர் இடத்தில்தான். இரண்டாவது டிராப்பில் 2:12-க்காகக் காத்திருந்தேன். அங்கே நோட்டைச் சரியான நீளத்துக்கு வெட்டித் திருத்தியிருக்கிறீர்கள், ஏப்பம் காணோம். முதல் டிராப்பில் திருத்த மறந்துவிட்டீர்கள் போல. பியானோ, குரல் இரண்டையும் மியூட் செய்துவிட்டு, அந்த வழுக்கலை எட்டு பாரில் மூன்று இடத்தில் வேண்டுமென்றே வரவைத்து, திருத்துவதற்கு முந்தைய ஃபைல் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.